கஃபன்: நம்மவரின் கடைசி ஆடையை அறிந்துகொள்வோம்

பிறந்த குழந்தையை ஒரு துணியில் சுற்றித்தான் கையில் வாங்குகிறோம். குர்ஆனை உறையிட்டு உயரமான இடத்தில் வைக்கிறோம். இரவில் படுக்கப் போகும் முன் உணவுப் பாத்திரங்களை மூடி வைக்கச் சொல்லிக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. கண்ணியப்படுத்த வேண்டியதையும் பாதுகாக்க வேண்டியதையும் மூடி வைப்பது முஸ்லிம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே வந்த பழக்கம். ஆனால் ஒரு போர்த்துதல் மட்டும் நம் வீடுகளை விட்டு மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருவர் மௌத்தானால் அவரைக் கஃபனிடுவதுதான் அது.

இன்று பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கிறது? மௌத் நடந்ததும் பள்ளிவாசலுக்கு ஒரு போன். குளிப்பாட்டுபவர் வருகிறார். கடையிலிருந்து 'கஃபன் செட்' என்று ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளறையில் எல்லாம் முடிகிறது. பெற்ற பிள்ளைகள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பொட்டலத்தில் எத்தனை துணி இருந்தது, எதை எங்கே சுற்றினார்கள் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. வாப்பாவைக் கடைசியாகத் தொட்டுப் போர்த்தும் வாய்ப்பு தங்களுக்கு இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

ஊரில் இருக்கும்வரை இது பெரிய சிக்கலாகத் தெரிவதில்லை. பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், பக்கத்தில் வேறு முஸ்லிம் குடும்பம் இல்லாத இடத்தில், நள்ளிரவில் ஒரு தாய் மௌத்தாகும்போதுதான் தெரிகிறது. பெண்களைக் குளிப்பாட்டிக் கஃபனிடத் தெரிந்த பெண் ஒருவரைத் தேடி அரைநாள் கழிந்த வீடுகள் உண்டு. மூன்று மகள்களும் இரண்டு மருமகள்களும் வீட்டில் இருந்தும் ஒருவருக்கும் தெரியாததால் அப்படி ஆகிறது. தெரிந்துகொள்ள வேண்டியதோ அதிகமில்லை. ஒருநாள் மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

கஃபன் என்றால் என்ன

கஃபன் என்ற அரபுச் சொல் மறைத்தல், மூடுதல் என்ற பொருளிலிருந்து வந்தது. மௌத்தானவரைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, அவருக்காக ஜனாஸா தொழுவது, அடக்குவது ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடும். யாருமே செய்யாவிட்டால் அறிந்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் ஆவார்கள்.

கஃபனுக்கு முன்பே ஒரு போர்த்துதல் இருக்கிறது. உயிர் பிரிந்ததும் கண்களை மூடி, தாடையைக் கட்டி, உடல் முழுவதும் ஒரு துணியால் மூடி வைக்கிறோமே, அதுவும் சுன்னத்தான். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது யமன் நாட்டுக் கோடுபோட்ட மேலாடை ஒன்றால் அவர்களின் உடல் மூடப்பட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்து, முகத்திலிருந்த துணியை விலக்கி, குனிந்து முத்தமிட்டு அழுதார்கள். மய்யித்தின் முகத்தைத் திறந்து பார்ப்பதும் முத்தமிடுவதும் கூடும் என்பதற்கு இதுவே ஆதாரம். குளிப்பாட்டும்போதுகூட உடல் முழுவதையும் திறந்து போடக்கூடாது. தொப்புள் முதல் முழங்கால் வரை துணி இருக்க வேண்டும், அந்தத் துணிக்குள் கையுறையோ துணியோ சுற்றிய கையால்தான் கழுவ வேண்டும். உயிரோடு இருந்தபோது இருந்த வெட்கம் மௌத்துக்குப் பிறகும் மதிக்கப்படுகிறது.

மூன்று வெள்ளைத் துணிகள்

நபி (ஸல்) அவர்களுக்கு இடப்பட்ட கஃபன் மூன்று வெள்ளைத் துணிகள். யமனில் உள்ள சஹூல் என்ற ஊரின் பெயரால் அறியப்பட்ட பருத்தித் துணிகள் அவை. அவற்றில் சட்டையும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அரபுத் தீபகற்பத்தின் பெரும்பகுதி கைவசம் வந்துவிட்ட காலம் அது. நினைத்திருந்தால் எப்படிப்பட்ட துணியும் கிடைத்திருக்கும். பருத்திதான் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அபூபக்கர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தபோது, நபி (ஸல்) அவர்களுக்கு எத்தனை துணியில் கஃபனிட்டீர்கள் என்று மகளிடம் கேட்டார்கள். மூன்று என்று பதில் வந்தது. தாம் நோயில் அணிந்திருந்த, குங்குமப்பூக் கறை படிந்த துணியைக் காட்டி, இதைத் துவைத்து இன்னும் இரண்டு துணி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இது பழையதாயிற்றே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தயங்கியபோது, புதிய துணிக்கு உயிரோடு இருப்பவர்களே அதிக உரிமை உள்ளவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கலீஃபாவின் கஃபன் துவைத்த பழைய துணி. 'கஃபன் துணி புத்தம் புதிதாக இருந்தே ஆக வேண்டும், துவைத்தது ஆகாது' என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வது மரபாக இருக்கலாம், மார்க்கச் சட்டம் அல்ல. சுத்தமாக இருக்க வேண்டும், உடலை நன்றாக மறைக்க வேண்டும். அவ்வளவே.

துணி போதாத நாட்களையும் ஸஹாபாக்கள் பார்த்தார்கள். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) மக்காவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இஸ்லாத்துக்கு வரும் முன் உயர்ந்த ஆடைக்கும் நறுமணத்துக்கும் பெயர் பெற்றவர். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹுத் போரில் ஷஹீதானபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளித் துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலைப்பக்கம் துணியை இழுத்து மூடி, கால்களின் மேல் இத்கிர் என்ற வாசனைப் புல்லைப் பரப்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்து, பெருஞ்செல்வராகிவிட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது, முஸ்அபின் அந்தத் துணி நினைவுக்கு வந்து, சாப்பிட முடியாமல் அழுதார்கள்.

அதே உஹுதில் ஹம்ஸா (ரலி) அவர்களுக்காக அவருடைய சகோதரி ஸஃபிய்யா (ரலி) இரண்டு துணிகள் கொண்டு வந்தார்கள். ஹம்ஸாவின் பக்கத்தில் ஓர் அன்ஸாரித் தோழர் கஃபன் இல்லாமல் கிடந்தார். ஒருவருக்கு இரண்டும் இன்னொருவருக்கு ஒன்றும் இல்லாமலும் எப்படி விடுவது என்று வெட்கப்பட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். ஒரு துணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்ததால் சீட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். நபியின் சிறிய தந்தை என்பதற்காகப் பெரிய துணியை எடுத்து வைக்கவில்லை.

இந்தச் செய்திகளை நாம் பயானில் பலமுறை கேட்டிருப்போம். அவற்றிலிருந்தே சட்டமும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சக் கடமை, உடலை மறைக்கும் ஒரு துணி. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்பது முழுமையான சுன்னத். ஒன்று கிடைத்தாலும் கடமை நிறைவேறிவிடும். அதுவும் போதாவிட்டால் கிடைத்ததைக் கொண்டு மூட வேண்டும்.

மத்ஹபுகளில் உள்ள வேறுபாடு

தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ராவுத்தர் சமூகத்தில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. கஃபனில் இரண்டுக்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. இரு ஊர்களுக்கிடையே சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில் மௌத் வீட்டில் இதை வைத்துக் குழப்பம் வருவதால் சொல்லிவிடுகிறோம்.

ஆண்களுக்கு ஷாஃபி மத்ஹபில் சிறந்தது, உடல் முழுவதையும் சுற்றும் மூன்று விரிப்புகள். ஹனஃபி மத்ஹபில் கமீஸ், இஸார், லிஃபாஃபா என்ற மூன்று. கமீஸ் என்பது கை இல்லாத, பக்கங்களில் தைக்காத, கழுத்துக்கு மட்டும் கிழிசல் விட்ட நீண்ட துணி. கழுத்திலிருந்து கால் வரை இருக்கும். இஸார் தலையிலிருந்து கால் வரை, லிஃபாஃபா அதைவிடவும் நீளம்.

பெண்களுக்கு இரண்டு மத்ஹபிலும் ஐந்து. ஷாஃபியில் இடுப்பிலிருந்து சுற்றும் இஸார், கமீஸ், தலைமுக்காடு, அதன்மேல் இரண்டு விரிப்புகள். ஹனஃபியில் கமீஸ், இஸார், தலைமுக்காடு, மார்பைச் சுற்றும் துணி, லிஃபாஃபா. தலைமுடியை ஹனஃபி மத்ஹபில் இரண்டாகப் பிரித்து மார்பின்மேல் கமீஸுக்கு மேலாக வைப்பார்கள். ஷாஃபி மத்ஹபில் மூன்று பின்னல்களாகப் பின்னிப் பின்னால் விடுவார்கள். நபி (ஸல்) அவர்களின் மகளார் ஜைனப் (ரலி) அவர்களைக் குளிப்பாட்டிய உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள், மூன்று பின்னல்களாகப் பின்னியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் நபி (ஸல்) அவர்கள் தமது கீழாடையையே கழற்றிக் கொடுத்து, மகளின் உடலோடு ஒட்டியிருக்கும்படி அதை முதலில் சுற்றச் சொன்னார்கள். ஒரு தந்தை தன் மகளுக்குச் செய்த கடைசிக் காரியம் அது.

துணியும் அளவும்

வெள்ளை நிறம் சிறந்தது. நபி (ஸல்) அவர்கள் வெள்ளையை அணியவும் அதிலேயே கஃபனிடவும் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களுக்குப் பட்டில் கஃபனிடக் கூடாது. நம் ஊர்களில் காடாத் துணி, மல், லாங்கிளாத் எதுவானாலும் வாங்கலாம். உடலின் நிறம் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய துணி வேண்டாம். மல் துணி வாங்கினால் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவுக்குக் கணக்கு எளிது. விரிப்புத் துணி மய்யித்தின் உயரத்தைவிட இரு பக்கமும் கட்டிமுடியும் அளவுக்கு, பக்கத்துக்கு ஓர் அடி கூடுதலாக இருக்க வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு ஒரு விரிப்பு ஏழரை அடி. மூன்று விரிப்புக்கு இருபத்திரண்டரை அடி, அதாவது ஏறத்தாழ 7 மீட்டர். அகலம் உடலைச் சுற்றி ஒரு பக்கம் மற்றதன்மேல் நன்றாக ஏறும்படி இருக்க வேண்டும். சாதாரண உடல்வாகுக்கு ஐந்தடி அகலம் தாராளம். கடையில் கிடைக்கும் துணி அகலம் குறைவாக இருந்தால் இரண்டு அகலத்தைச் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டிவரும், அப்போது நீளம் இரட்டிப்பாகும். தயாராக விற்கும் செட்டுகளில் இதுதான் பிரச்சினை. எல்லா உடம்புக்கும் ஒரே அளவு. கனத்த உடல்வாகு உள்ளவருக்கு அது போதாமல், கடைசி நேரத்தில் வேட்டியைக் கிழித்து ஒட்டுப்போடுகிறார்கள். செட் வாங்கினாலும் பிரித்து அளந்து பார்த்துவிடுவது நல்லது. கட்டுவதற்கான நாடாக்களையும் அதே துணியின் ஓரத்திலிருந்து கிழித்துக்கொள்ளலாம்.

உயிரோடு இருக்கும்போதே கஃபன் வாங்கி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஒரு பெண்மணி தன் கையால் நெய்து நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்த மேலாடையை ஒரு தோழர் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் அவரைக் கடிந்தபோது, உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, எனக்குக் கஃபனாகட்டும் என்றுதான் கேட்டேன் என்றார். அதுவே அவருக்குக் கஃபனானது. ஹஜ்ஜிலிருந்து வரும்போது ஸம்ஸம் நீரில் நனைத்த துணியைக் கொண்டுவந்து பெட்டியடியில் வைத்திருக்கும் உம்மாக்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அன்பினால் செய்வது, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் துணியைக் கண்டெடுத்து அழுவதில் பயனில்லை.

கஃபனிடும் முறை

முதலில் மிகப் பெரிய விரிப்பைக் கட்டிலின் மேல் அல்லது சுத்தமான பாயின் மேல் விரிக்க வேண்டும். நாடாக்களை அதற்கும் முன்பே அடியில் குறுக்காகப் போட்டுவிட்டால் பிறகு உடலைத் தூக்க வேண்டியிராது. முதல் விரிப்பின் மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சாம்பிராணிப் புகை காட்டி, ஆல்கஹால் கலக்காத அத்தர் தடவலாம். புகை காட்டுவது ஒற்றைப்படையாக இருப்பது நல்லது.

குளிப்பாட்டிய உடலை ஈரம் போகத் துடைத்துவிட்டு, மேலே ஒரு துணி மூடியபடியே தூக்கி விரிப்பின் நடுவில் மல்லாத்திக் கிடத்த வேண்டும். இதற்கு நான்கு பேர் வேண்டும், குறைந்தது மூன்று. தலை, தோள், இடுப்பு, கால் என்று பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினால் உடல் தொய்யாது. பஞ்சில் கற்பூரமும் வாசனையும் சேர்த்து, ஸஜ்தாவில் தரையைத் தொட்ட உறுப்புகளான நெற்றி, மூக்கு, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்களில் தடவ வேண்டும். கடைசித் தடவை ஊற்றும் நீரில் கற்பூரம் கலக்கச் சொல்லி உம்மு அத்திய்யா (ரலி) அவர்களின் ஹதீஸிலேயே வந்திருக்கிறது. உடம்பிலிருந்து கசிவு இருந்தால் அந்த இடங்களில் பஞ்சு வைத்து, துணிப்பட்டையால் இடுப்போடு கட்டிவிடலாம்.

பிறகு மேலுள்ள விரிப்பின் இடப்பக்க ஓரத்தை எடுத்து உடலின் மேல் மடக்க வேண்டும். அதன்மேல் வலப்பக்க ஓரம் வர வேண்டும். உயிரோடு இருப்பவர் மேலங்கியை இழுத்துப் போர்த்துவது போலத்தான். இரண்டாவது விரிப்பும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. மூடுவதற்கு அடியில் போட்டிருந்த மூடுதுணியை, விரிப்பு மூடும்போதே கீழிருந்து உருவிவிட வேண்டும், ஒரு கணமும் மறைவிடம் திறக்கக் கூடாது. பெண்களுக்குக் கமீஸும் முக்காடும் போட்ட பிறகு இதே வரிசை. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிஞ்சும் துணியைச் சேர்த்துப் பிடித்துக் கட்டி, இடுப்பருகே ஒரு கட்டுப் போட வேண்டும். உறவினர் முகம் பார்க்க வேண்டுமென்றால் தலைக்கட்டை மட்டும் கடைசியில் கட்டலாம்.

கட்டுப் போடுவது துணி விலகாமல் இருப்பதற்கு மட்டுமே. ஊசி குத்துவதும் தைத்து மூடுவதும் தேவையில்லை. கஃபனின் மேல் ஆயத்துகளை மையால் எழுதும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. உடல் மண்ணில் சிதையும்போது அந்த எழுத்துகளில் அசுத்தம் படும் என்பதால் பல ஃபிக்ஹு அறிஞர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

யார் செய்ய வேண்டும்? ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். மனைவி கணவனுக்குச் செய்யலாம், இதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இல்லை. கணவன் மனைவியைக் குளிப்பாட்டுவதை ஷாஃபி மத்ஹப் அனுமதிக்கிறது, ஹனஃபி மத்ஹப் அனுமதிப்பதில்லை. நெருங்கிய உறவினரும் நம்பகமானவரும் முதலில் வர வேண்டும் என்று சொல்லப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. உடலில் பார்த்த எந்தக் குறையையும் வெளியே சொல்லக் கூடாது. பெற்ற தாயின் உடலைப் பற்றி மகள் வெளியே பேச மாட்டாள்.

செலவு யாருடையது

கஃபன், அடக்கச் செலவு முதலில் மௌத்தானவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அதன் பிறகே கடன், பிறகு வஸிய்யத், பிறகு வாரிசுப் பங்கு. சொத்து ஏதும் இல்லையென்றால் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் கொடுக்க வேண்டும். மனைவியின் கஃபன் செலவு கணவன் மீது. யாரும் இல்லாதவருக்கு பைத்துல் மால், அதுவும் இல்லாவிட்டால் ஊர் முஸ்லிம்கள்.

வரிசையைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். கடன்காரர்களுக்கும் அநாதைப் பிள்ளைகளின் பங்குக்கும் முன்பாகக் கஃபன் வருவதால், அதில் ஆடம்பரம் செய்தால் அவர்களுடைய பணத்தில் கைவைத்ததாகிவிடும். மூத்த மகன் தன் சொந்தப் பணத்தில் விலையுயர்ந்த துணி வாங்கினால் அது வேறு. பொதுச் சொத்திலிருந்து வாங்கும்போது நடுத்தரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருவருக்கு முறையாகக் கஃபனிடாமல் இரவில் அடக்கிவிட்டதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள், சகோதரனுக்குக் கஃபனிடுபவர் நல்ல முறையில் செய்யட்டும் என்று சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. நல்ல முறை என்பதற்குச் சுத்தமாக, போதுமானதாக, முழுவதும் மறைப்பதாக என்றே அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். விலையைச் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து வரும் உடல்

விபத்திலும் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும் வரும் உடல்களைக் கண்டு குடும்பத்தினர் தயங்குகிறார்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கும். பஞ்சு வைத்துக் கட்டுப்போட்டு, தேவைப்பட்டால் உள்விரிப்புக்கும் வெளிவிரிப்புக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்துக் கஃபனிடலாம். தண்ணீர் பட்டால் உடல் சிதையும் நிலையென்றால் தயம்மும் செய்துவிட்டு அப்படியே துணி சுற்றலாம்.

கர்ப்பத்திலேயே இறந்து பிறக்கும் குழந்தையின் விஷயம் இன்னும் கவனத்துக்குரியது. உறுப்புகள் உருவாகிவிட்ட குழந்தை என்றால் சுத்தமான துணியில் சுற்றி அடக்க வேண்டும். தொழுகை உண்டா இல்லையா என்பதில்தான் கருத்து வேறுபாடு, சுற்றி அடக்குவதில் இல்லை. மருத்துவமனையில் நாம் கேட்காவிட்டால் குழந்தையின் உடலை அவர்களே அப்புறப்படுத்திவிடக் கூடும். தாய் மயக்கத்தில் இருப்பாள். வெளியே நிற்கும் தகப்பனோ பெரியப்பாவோ முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹஜ்ஜிலோ உம்ராவிலோ இஹ்ராமில் இருக்கும்போது மௌத்தானவர் பற்றியும் சொல்ல வேண்டும். அரஃபாவில் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த ஒருவரை, தண்ணீராலும் இலந்தை இலையாலும் குளிப்பாட்டி, அவருடைய இரண்டு துணிகளிலேயே கஃபனிட்டு, தலையை மூடாமலும் வாசனை பூசாமலும் அடக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மறுமையில் தல்பியா சொன்னபடியே எழுப்பப்படுவார் என்பது காரணம். ஷாஃபி மத்ஹபில் இது எல்லா இஹ்ராமிகளுக்கும் பொருந்தும். ஹனஃபியில் மற்ற மய்யித்துகளைப் போலவே தலை மூடப்படும்.

வெள்ளைத் துணி கம்பியில் ஏறியபோது

கொரோனா காலத்தில் கஃபன் என்பது நமக்குத் தானாகக் கிடைத்துவிடும் ஒன்றல்ல என்று தெரிந்தது. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலைக் கசியாத பையில் வைக்கவும், குளிப்பாட்டுதல், முத்தமிடுதல் போன்றவற்றைத் தவிர்க்கவும் சொன்னது. அடக்கம் தடுக்கப்படவில்லை. பையின் மேலேயே துணி சுற்றலாம், முடியாவிட்டால் பையே கஃபன் என்று உலமாக்கள் வழிகாட்டினார்கள். நம் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, முஸ்லிம் என்றும் மற்றவர் என்றும் பார்க்காமல் பல ஊர்களில் உடல்களை அடக்கம் செய்தார்கள்.

இலங்கையில் நிலைமை வேறு. 2020 ஏப்ரலில் வந்த அரசிதழ் அறிவிப்பு, கொரோனாவால் இறந்தவர்களை எரிக்க மட்டுமே அனுமதித்தது. புதைக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு கூறியிருந்தும் மாற்றவில்லை. எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்களை டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமல் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் கொழும்பில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

மக்கள் பெரிய ஊர்வலம் நடத்த முடியாத காலம். பொரளை மயானத்தின் எரியூட்டும் இடத்து வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். யாரோ அவற்றை இரவோடிரவாக அகற்றினார்கள். மறுபடியும் கட்டப்பட்டது. முஸ்லிம்கள் மட்டுமின்றி பாதிரிமார்களும் பிக்குகளும்கூட வந்து கட்டினார்கள். நாட்டின் பல ஊர்களில் வீட்டு வாசல்களிலும் கைகளிலும் வெள்ளைத் துணி ஏறியது. ஒரு சொல்லும் எழுதப்படாத அந்தத் துண்டு என்ன கேட்கிறது என்று பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. 2021 பிப்ரவரி இறுதியில் புதைக்க அனுமதி வந்தது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் பிற சமயத்தவரும் உண்டு. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஏழு முழத் துணி இன்னும் கொடுபடாத கடனாகவே இருக்கிறது.

சந்தூக்கும் கபுரும்

கஃபனிட்ட உடலை சந்தூக்கில் வைத்த பிறகு மேலே போர்த்தும் துணி கஃபனில் சேராது. பெண்களின் ஜனாஸாவுக்கு மூடிய சந்தூக்கு இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. ஃபாத்திமா (ரலி) அவர்கள், பெண்ணின் உடலின் மேல் வெறும் துணி போட்டால் உருவம் தெரிகிறதே என்று கவலைப்பட்டபோது, அபிசீனியாவில் தாம் பார்த்ததை அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் சொன்னார்கள். ஈச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்திக் காட்டினார்கள். ஃபாத்திமா (ரலி) அவர்கள் மகிழ்ந்து, தமக்கும் அப்படியே செய்யச் சொன்னார்கள். பெண்ணைக் கபுரில் இறக்கும்போது மேலே நான்கு பேர் போர்வை பிடிப்பதும் இதே எண்ணத்தில்தான்.

கபுருக்குள் வலப்பக்கமாகக் கிப்லாவை நோக்கி வைத்த பிறகு தலைக்கட்டு, இடுப்புக்கட்டு, கால்கட்டு மூன்றையும் அவிழ்த்துவிட வேண்டும். நாடாவை உருவி எடுக்க வேண்டியதில்லை, முடிச்சைத் தளர்த்தினால் போதும். மேலே பிடித்த போர்வையும் சந்தூக்கின் மேல்துணியும் திரும்ப வந்துவிடும். பள்ளிவாசலுடையது என்றால் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டுடையது என்றால் வீட்டில் பயன்படுத்தலாம். அதை யாருக்காவது தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.